யாருக்கு யார் கேட்க வேண்டும்

ஒலிப்பதிவு மென்பொருள் எதைத் திறந்தாலும், அது புரோ டூல்ஸாக இருந்தாலும் சரி, ரீப்பராக இருந்தாலும் சரி, ஒரு ஸ்வரமேனும் பிறப்பதற்கு முன்னால் நம்மிடம் சில விஷயங்களை நிர்ணயம் செய்துகொள்ளச் சொல்கிறது: வினாடிக்கு 44,100 மாதிரிகளா 48,000 மாதிரிகளா, 16 பிட்டா 24 பிட்டா, எத்தனை தடங்கள், எந்தத் தடத்துக்கு எந்த ஒலிவாங்கி, கோப்புகள் எந்த வட்டில் போய்ச் சேர வேண்டும் என்று. இவற்றுக்கு விடை சொல்வது பெரிய வித்தையன்று. கையேட்டைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் எந்த மென்பொருளும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் தத்தம் காரியத்தில் ஈடுபட்டிருக்கும் அந்தக் கணத்தில், யாருக்கு யார், எவ்வளவு, எப்போது கேட்க வேண்டும் என்பதே அது. பல தடங்களில் பதிவு செய்யும் கலையின் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் தேடிய விடைகளின் சரித்திரமாகவே சொல்லிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சரித்திரத்தில் நான் வசிக்கும் ரொறன்ரோ நகரத்துக்கு நம்மவர் பலரும் அறிந்திராத ஒரு பங்கு உண்டு.

பழைய முறையில் நடக்கும் கச்சேரியில் இக்கேள்வி எழுவதில்லை. பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் கைக்கெட்டும் தூரத்தில், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்படி அமர்ந்திருக்கிறார்கள். தம்புராவின் நாதம் எல்லோருக்கும் பொதுவாகப் பின்னாலிருந்து வருகிறது. பாடகர் ஒரு சங்கதியை நீட்டும்போது அது எங்கே போய் நிற்கும் என்பதை வயலின்காரர் செவியால் மட்டுமன்றி, பாடகரின் மூச்சைக் கொண்டும் தோளின் அசைவைக் கொண்டும் முன்கூட்டியே அறிந்துகொள்கிறார். யாருக்கு யார் கேட்க வேண்டும் என்பதை அந்தச் சிறு மேடையின் அளவே தீர்மானித்து விடுகிறது. இக்காலத்து மேடைகளில் கச்சேரியின் முதல் அரைமணி நேரம் மானிட்டரைக் கூட்டச் சொல்லியும் குறைக்கச் சொல்லியும் கையசைப்பதிலேயே கழிந்துபோகிறது என்பது வேறு விஷயம். பல தடப் பதிவு செய்த முதற்காரியம், இயல்பாய் அமைந்திருந்த இந்த ஏற்பாட்டைக் கலைத்ததுதான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஒலிவாங்கி, தனித் தடம், இயன்றால் தனி அறை என்று பிரித்துவிட்ட பிறகு, பிரிந்துபோன செவிகளைத் திரும்பவும் சேர்த்துவைக்கும் பொறுப்பு பதிவு செய்கிறவர் தலையில் வந்து விழுந்தது.

அந்தப் பொறுப்பின் கனத்தை ஆதியிலேயே உணர்ந்தவர்களுள் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் முக்கியமானவர். 1951-இல் அவரும் மேரி ஃபோர்டும் வெளியிட்ட ‘ஹவ் ஹை த மூன்’ இசைத்தட்டில் ஒரே கிட்டாரும் ஒரே குரலும் பலவாகப் பெருகி ஒலிப்பதைக் கேட்டு ஜனங்கள் அதிசயித்தார்கள். அப்போது அவரிடம் தனித்தனித் தடங்கள் கிடையா. முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே புதிதாக வாசித்து, பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கலந்து பதிந்துகொண்டே போனார். ஆகையால் கடைசி அடுக்கில் பிசகினால் மறுபடி அடியிலிருந்து கட்ட வேண்டியதுதான். தடங்களைத் தனித்தனியே காப்பாற்றி வைத்துக்கொள்ளும் எட்டுத் தட யந்திரத்தை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957-இல் அவருக்குச் செய்து கொடுத்தது. அத்தகைய யந்திரத்தை அமைக்கப் புகுந்தவர்கள் தாண்ட வேண்டியிருந்த தடை நம்முடைய கேள்வியேதான்.

நாடா யந்திரத்தில் பதியும் தலை ஓரிடத்திலும், பதிந்ததை ஒலிக்கும் தலை அதற்குச் சற்று அப்பாலும் இருக்கும். ஒலிக்கும் தலையிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு ஒருவர் வாசிக்கிறார் என்றால், அவர் வாசித்தது விழுவதோ பதியும் தலையில். இரண்டுக்கும் இடையே இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அது வினாடியில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்று மேலான பிசகு. துரித காலத்தில் ஒரு மிருதங்கக்காரரின் விரல் அந்த நேரத்துக்குள் ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்த சொல்லில் இருக்கும். ஆம்பெக்ஸின் ராஸ் ஸ்னைடர் கண்ட வழி மிகவும் எளிமையானது: பதியும் தலையிலேயே, புதிதாகப் பதியும் தடத்தை விட்டு மற்றத் தடங்களை, ஒலிக்கவும் செய்துவிடுவது. செல்-சிங்க் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவ்வழியாகக் கேட்கும் ஒலி சற்று மங்கலாகத்தான் இருக்கும். ஆனால், வாசிக்கிறவர் காதில் விழுவதும் அவர் கையிலிருந்து எழுவதும் நாடாவில் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். கேட்கும் ஒலியின் தெளிவைச் சிறிது விட்டுக்கொடுத்துக் காலத்தை வாங்கிக்கொண்ட பேரம் அது.

கணினியில் நாடாவும் இல்லை, தலையும் இல்லை. பிசகு மட்டும் வேறு உருவெடுத்து உடன் வந்திருக்கிறது. குரலானது ஒலிவாங்கியிலிருந்து இன்டர்ஃபேஸ் என்னும் பெட்டிக்குள் புகுந்து, எண்களாகி, கணினிக்குப் போய், மென்பொருளைக் கடந்து, திரும்பவும் ஒலியாகிப் பாடகரின் ஹெட்போனுக்கு வந்து சேர்வதற்குள் சிறிது நேரம் ஆகிவிடுகிறது. எண்களைக் கணினி ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வதில்லை. கட்டுக் கட்டாகவே வாங்குகிறது. அந்தக் கட்டின் அளவுக்குத்தான் பஃபர் என்று பெயர். 48,000 மாதிரி வேகத்தில் 256 மாதிரிகள் கொண்ட கட்டு என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லி வினாடி, போகவும் வரவும் 10.7, பெட்டிக்குள் ஆகும் சில்லறைத் தாமதம் அதற்கு மேல். அறைக் காற்றில் ஒலி ஒரு மில்லி வினாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் செல்லுமாதலால், இது மூன்றரை மீட்டருக்கு அப்பால் நடப்பதைக் கேட்பதற்குச் சமம். வயலின்காரர் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பாடகருக்குக் குடிமுழுகிப் போய்விடாது. தம்முடைய குரலே தம்மை விட்டு மூன்றரை மீட்டர் விலகி நின்று பாடுமானால் அதைப் பல பாடகர்களால் சகிக்க முடியாது. ஏனெனில் அதே குரல் எலும்பின் வழியாக அவர் செவிக்குள் தாமதமின்றி முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது. பஃபரை 64-க்குக் குறைத்தால் தாமதம் குறையும். ஆனால் கணினி திணறிப் பதிவில் வெடிப்புகள் விழலாம். கூட்டினால் கணினி ஆறுதலாக மூச்சுவிடும், பாடகர் திணறுவார்.

இதற்கும் ஆம்பெக்ஸ் காலத்துப் பேரந்தான் வழி. பாடகர் கேட்கவேண்டிய அவருடைய குரலைக் கணினி வரைக்கும் அனுப்பி வரவழைக்காமல், பெட்டிக்குள்ளேயே திருப்பி நேராக ஹெட்போனில் விட்டுவிடுவது. மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டரை அணைத்துவிடுவது, இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும். இவ்வாறு செய்தால் மென்பொருளில் சேர்க்கும் எதிரொலி மெருகு பாடகர் காதில் விழாதே என்று சிலர் குறைப்படுவார்கள். மெருகா காலமா என்று வந்தால் காலம் என்றே தயக்கமில்லாமல் சொல்வேன்.

இனி ரொறன்ரோவுக்கு வருகிறேன். கனடிய விஞ்ஞானி ஹியூ லெ கேன் 1955-இல் பல நாடாக்களை ஒருங்கே ஓட்டி, அவற்றின் வேகத்தை விசைப்பலகையால் ஏற்றி இறக்கும் யந்திரம் ஒன்றை ஒட்டாவாவில் அமைத்து, நீர்த்துளி ஒன்று விழும் சப்தத்தை மாத்திரம் மூலதனமாகக் கொண்டு ‘டிரிப்சொடி’ என்னும் குறும்படைப்பைச் செய்தார். 1959-இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகம் மின்னிசைக்கென ஒரு கூடத்தை நிறுவியபோது அவருடைய யந்திரங்கள் அங்கே இடம்பெற்றன. வட அமெரிக்காவில் அப்படிப்பட்ட கூடங்களை அக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால், இந்நகரத்தின் பெயரைத் தடப்பதிவின் சரித்திரத்தில் ஊன்றிவைத்தவர் விஞ்ஞானி அல்லர். பியானோக் கலைஞர் கிளென் கூல்ட்.

1932-இல் இந்நகரில் பிறந்து 1982-இல் இந்நகரிலேயே மறைந்த கூல்ட், 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்ததோடு மேடைக் கச்சேரிகளுக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டார். வயது அப்போது முப்பத்தொன்று; புகழோ உச்சத்தில். சபையின் கண்முன் ஒரே தடவையில் எல்லாவற்றையும் சாதித்துக் காட்ட வேண்டும் என்பதைச் சர்க்கஸ் வித்தை என்று எண்ணிய அவருக்கு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பகுதியைப் பல தினுசாக வாசித்து, பின்னர் ஆற அமர உட்கார்ந்து வேண்டியதைத் தேர்ந்து ஒட்டும் பதிவுக்கூடமே பரிபூரணமான கலைக்கூடமாகத் தோன்றியது. 1970-க்குப் பிறகு அவருடைய பதிவுகளிற் பெரும்பாலானவை, யங் வீதியும் கொலிஜ் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஈட்டன் அங்காடியின் ஏழாவது மாடியிலிருந்த அரங்கில் நிகழ்ந்தன. இப்போது கார்லு என்னும் பெயரில் விருந்துகளுக்கும் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடப்படும் மண்டபம் அதுதான்.

ஒட்டுவது ஏமாற்று வேலை என்று எண்ணுகிறவர்கள் கூல்ட் 1966-இல் எழுதிய கட்டுரையில் வரும் ஓர் உதாரணத்தை அறிந்துகொள்வது நல்லது. பாஹ்கின் ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதற்பாகத்தில் ஏ மைனர் ஃபியூக்கை (ஒரே இசைக்கருத்தைப் பல குரல்கள் மாறி மாறி எடுத்துப் பின்னும் வடிவம் ஃபியூக்) பல தடவை பதிந்தபின், ஆறாவது டேக்கும் எட்டாவது டேக்கும் பழுதற்றவை என்று தேறின. ஆறாவது, கனத்த கம்பீரமாக இருந்தது; எட்டாவது, துள்ளலும் குதூகலமுமாக இருந்தது. வாரங்கள் கழித்து நிதானமாகக் கேட்டபோது, கம்பீரமும் நெடுக வந்தால் சலிக்கிறது, குதூகலமும் நெடுக வந்தால் சலிக்கிறது என்று தெரிந்தது. இரண்டின் வேகமும் அநேகமாக ஒன்றாகவே அமைந்திருந்தபடியால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதையும் நடுவே ஸ்வரஸ்தானங்கள் மாறி மாறிப் போகும் இடத்துக்கு எட்டாவதையும் எடுத்து ஒட்டினார். அப்படிக் கிடைத்த வாசிப்பு அவர் விரல்கள் எந்த ஒரு தடவையிலும் வாசித்திராதது. ஆயினும் அவர் மனம் முழுக்க முழுக்க ஒப்புக்கொண்டது. இதில் நான் கூல்டின் கட்சி. வாசிக்கும்போது இருக்கும் செவி வேறு, வாசித்ததை இரண்டு வாரம் கழித்துக் கேட்கும் செவி வேறு; பின்னதற்கும் கலையில் உரிமை உண்டு.

அவர் அதோடும் நிற்கவில்லை. வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ முன்னிசையைப் பியானோவுக்கு மாற்றி எழுதியபோது, இரண்டு கைகளுக்கு அடங்காத இடத்தில், தாமே வாசித்துப் பதிந்ததன்மேல் மறுபடியும் தாமே வாசித்து நான்கு கைகளாக்கினார். சிபேலியஸின் பியானோப் படைப்புகளைப் பதிந்தபோது, கருவியை ஒட்டியும் சற்று விலகியும் அறையின் ஆழத்திலும் ஒலிவாங்கிகளை வரிசை வரிசையாக வைத்துத் தனித்தனித் தடங்களில் எடுத்து, இந்த அடிக்கு அருகிலிருந்து, அந்த அடிக்குத் தூரத்திலிருந்து என்று, கேட்பவரின் ஆசனத்தையே நகர்த்திக்கொண்டு போனார்.

இவற்றையெல்லாம் விஞ்சியது, பியானோவே இல்லாத ஒரு படைப்பு. 1967 டிசம்பர் 28-ஆம் தேதி சி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பான ‘தி ஐடியா ஆஃப் நார்த்’ என்னும் ஒருமணி நேரச் சித்திரத்துக்காக, கனடாவின் வடபுலத்தில் வாழ்ந்தும் திரிந்தும் பழகிய ஐந்து பேரை, ஒரு தாதி, ஒரு சமூகவியலறிஞர், ஒரு புவியியலாளர், ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர், ஒரு நில அளவையாளர், தனித்தனியே பேசவைத்துப் பதிந்துகொண்டார். பின்பு அவர்களுடைய பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் குரல் எழும்பவும், மூன்றாமவர் புகும்போது முதலாமவர் தணியவும் அமைத்து, அடியில் ரயில் வண்டியின் ஓட்டத்தைச் சுருதியைப் போல ஓடவிட்டார். வார்த்தைகள் ஒன்றன்மேலொன்று விழுந்து பல விளங்காமற்போகும். விளங்காத இடத்திலும் குரல்களின் போக்கு விளங்கும். முதல் தடவை கேட்பவருக்கு எரிச்சலாகக்கூட இருக்கலாம். இது பேச்சாலான ஃபியூக் என்பது பிடிபட்டுவிட்டால், அப்புறம் வானொலியில் ஒருவர் பேசி முடிக்க ஒருவர் பேசும் சாதாரண நிகழ்ச்சிகள் சப்பென்று போய்விடும்.

ஆனால், அந்த ஐவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பரிமாறிக்கொள்ளவில்லை என்பதை மறந்துவிடலாகாது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் உடன்படுவது போலவும் மறுப்பது போலவும் கேட்கிறதே, அந்த உடன்பாடும் மறுப்பும் கூல்டின் நாடாக் கத்தரியில் பிறந்தவை. அங்கே கேட்டவர் ஒரே ஒருவர். ஏ மைனர் ஃபியூக்கின் குரல்கள் அத்தனையும் ஒரு மனிதருடைய பத்து விரல்களிலிருந்து வந்தவை. மைஸ்டர்சிங்கரின் நான்கு கைகளும் அவருடையவையே. ஆகையால், கூல்டுக்கு நம் கேள்வி எழவே இல்லை: எல்லோரையும் கேட்கிறவர் அவர், மற்றவர் யாரும் யாரையும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. இது ஏகாதிபத்தியச் செவி. பாஹ்குக்கு அது பொருந்தும். நான்கு பேர் கூடிச் செய்யும் நம் சங்கீதத்துக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

கூல்ட் ஈட்டன் அரங்கில் பதிவுகளைச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், இதே நகரத்தின் வடபுறத்தில், முற்றிலும் வேறான ஒரு செவிப்பயிற்சி ஆரம்பமாகியிருந்தது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யரான மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன் 1971-இல் யோர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று நம்மவர் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து அங்கே இந்திய சங்கீதப் படிப்பை நிறுவினார். அவரிடம் பல பத்தாண்டுகளாகத் தாளமும் லயமும் கற்றவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு, இந்தியாவைக் கண்ணாற் கண்டிராத கனடியரும் உண்டு. சென்னை மியூசிக் அகாடமி 2011-இல் அவருக்கு சங்கீத கலாநிதி விருதளித்தது. மகள் சுபா சங்கரன், தம் குரலையே மேடையில் அடுக்கடுக்காகச் சுழலவிட்டு அதன்மேல் பாடும் லூப்பிங் வித்தையில் தேர்ந்தவர் என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். தந்தையின் தாளக்கணக்கும் கூல்டின் தடக்கணக்கும் இந்த ஊரில் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

‘பாட்டுக்கு வாசிக்கிறார்’ என்று ஒரு மிருதங்கக்காரரை நம் ரசிகர்கள் மெச்சும்போது எதை மெச்சுகிறார்கள்? பாடகர் ஒரு சங்கதியை முடிக்காமல் இழுக்கும்போது கையை நிறுத்திக் காத்திருப்பது, அனுபல்லவியில் குரல் மேலே போகும் கணத்தில் தொப்பியின் கும்காரத்தை ஒரு நூல் கூட்டுவது, நிரவலில் பாடகரே எதிர்பாராத ஓரிடத்தில் அவரைச் சந்திப்பது, இவற்றையெல்லாம். இவை அனைத்தும், அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலையில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரால் மாத்திரம் செய்யக்கூடியவை. முதலில் குரலைப் பதிந்துவிட்டு, மறுநாள் அதன்மேல் மிருதங்கத்தைப் பதிந்தால், வாசிக்கிறவருக்கு வருவது முன்பே தெரியும்; பாடகருக்கோ வாசிக்கப்போவது தெரியவே தெரியாது. முத்தாய்ப்புகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக வந்து விழும். பிசகு ஒன்றும் இருக்காது. கேட்கிறவருக்கு மாத்திரம் ஏதோ குறையும்.

ஆகவே, நால்வரையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்காரவைத்துப் பல தடங்களில் எடுப்பதே உத்தமம் என்பேன். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் அந்த அறை பெரும்பாலும் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். தை மாதக் குளிரில் அங்கே பதிவு செய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் சடங்குகள் தெரியும். முதலில் யாராவது ஒருவர் மேலே போய்ச் சூடாக்கும் உலையை நிறுத்திவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் அதன் பெருமூச்சு எல்லாத் தடங்களிலும் ஏறிக்கொள்ளும். உலை ஓடியவரைக்கும் உலர்ந்துபோன காற்றில் மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறியிருக்கும். தொப்பியில் இட்ட ரவை காய்ந்து உதிரும். வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிவாங்கிகள். பாடகியின் மடியில் மடித்த துவாய் ஒன்று இருக்கும், தாளம் போடும் கை தொடையில் விழும் சப்தம் குரல் தடத்தில் போய் விழாமலிருக்க. எல்லாம் அமைந்து ஹெட்போன்களை மாட்டிக்கொண்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாகும்.

“தம்பி, சுருதியைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ, என்ர குரல் இவ்வளவு வேண்டாம்” என்பார் பாடகி. “எனக்கு அக்கான்ர குரல் மட்டும் காணும், மிருதங்கம் நேரவே கேக்குது” என்பாள் வயலின் வாசிக்கும் பெண். மிருதங்கக்காரர், வயதில் மூத்தவர், ஒன்றும் பேசாமல் ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்போனைத் தள்ளி வைத்துக்கொள்வார். அவர் சொன்னதும் ஒரு விடைதான்: ஒரு காது யந்திரத்துக்கு, ஒரு காது அறைக்கு.

இந்த வேண்டுகோள்கள் ஒவ்வொன்றும் மென்பொருளில் ஒவ்வொரு தடத்திலிருந்தும் தனியே கிளம்பும் ஓர் அனுப்பு. இவ்வனுப்புகளால் நால்வருக்கும் நான்கு வெவ்வேறு கலவைகளைக் கொடுக்கலாம். அனுப்புகளை, தடத்தின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே விதி. ஃபேடருக்குப் பின்னாலிருந்து எடுத்தால், பதிவு செய்கிறவர் தம் வசதிக்காக வயலினைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்க்கும் கணத்தில், பாடகியின் காதிலும் வயலின் தாழ்ந்துபோகும். ஏன் தாழ்ந்தது என்று அறியாமலே அவர் பாட்டின் போக்கை மாற்றிக்கொள்வார். குரல் மிகையாகக் கேட்டால் அடங்கிப் பாடுவார், குறைந்து கேட்டால் வலிந்து பாடுவார். பதிவின் பிழை என்று நாம் பின்னால் சொல்வதிற் பாதி, ஹெட்போனில் செய்த பிழை. ஒரு வாத்தியத்தின் ஒலி மற்றதன் தடத்தில் கசியுமே என்றால், கசியட்டும். வயலின் வில்லின் சாயை குரல் தடத்தில் சிறிது விழுந்திருப்பதால் எந்தப் பாட்டும் கெட்டதில்லை. கசிவை அஞ்சி ஆட்களைப் பிரிக்கிறவர்கள், ஒரு வரியைத் தனியே திருத்தும் சௌகரியத்துக்காகக் கச்சேரியை விற்றுவிடுகிறார்கள்.

கிளிக் என்னும் தாளத் துடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சினிமா சங்கீதத்துக்கு அது இன்றியமையாதது. 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு பதிவுக்கூடம் அமைத்து 1992-இல் ‘ரோஜா’வைத் தந்த இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானின் முறையில், ஒருவர் இன்று பாட, மற்றொருவர் நாளை வாசிக்க, எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்கிறது அந்தத் துடிப்பு. அது இயற்றுகிறவரின் கலை. அங்கே கூல்டின் செவி நியாயமானது. ஆலாபனைக்குக் கிளிக் கொடுப்பவரை மாத்திரம் மன்னிக்க முடியாது.

எல்லோரும் ஒரே அறையில் கூடுவது நமக்கு வாய்க்கிறதா என்பது வேறு கேள்வி. பாடுகிறவர் ஸ்காபரோவிலும், வயலின் சென்னையிலும், மிருதங்கம் யாழ்ப்பாணத்திலுமாக இருப்பது எங்கள் வாழ்க்கை. இங்கே குளிர்காலத்தில் இரவு 12 மணி என்றால் அங்கே காலை பத்தரை. அரங்கேற்றப் பாடல்களில் எத்தனையோ இப்படித்தான், கோப்புகள் கடல்தாண்டிப் போயும் வந்தும் உருவாகின்றன. இங்கே, தொடக்கத்தில் எளிது என்று சொன்ன கேள்விகள் பழிவாங்கும்: 44,100-இல் எடுத்த கோப்பை மென்பொருள் மாற்றிக்கொள்ளாமல் 48,000-இல் ஓட்டினால், ஒரு கட்டையில் வாசித்தது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே எங்கோ ஏறி நிற்கும், காலமும் அந்த அளவுக்கு ஓடிவிடும். இந்தத் தூரத்திலும் செவிகளைச் சேர்க்க ஒரு வழி உண்டு. அவசரக்காரர்களுக்கு அது பிடிக்காது. பாடகர் முதலில் ஒரு மாதிரிக் குரலை, மூச்சும் தாளத் தட்டும் கேட்கும்படியே, திருத்தாமல் அனுப்ப வேண்டும். அதைக் கேட்டு வாசித்த மிருதங்கம் திரும்பி வந்ததும், பழைய குரலை எறிந்துவிட்டு, அந்த மிருதங்கத்துக்குப் புதிதாகப் பாட வேண்டும். முடிந்தால் மிருதங்கக்காரர் அந்தப் புதுக் குரலுக்கு இன்னொரு முறை வாசிக்க வேண்டும். அப்போது ஒருவர் மற்றவரைக் கேட்டதாக ஆகிறது, வாரக்கணக்கில் ஆனாலும். ஷான் வின்சென்ட் டி போலின் ராப்போடு இங்குள்ள யாஞ்சன் மிருதங்கத்தைக் கலந்து செய்யும் பாட்டுகளில் சொல்லுக்கும் ஜதிக்கும் உள்ள பொருத்தம் நம் இளைஞர்களை ஈர்ப்பதற்கு, அவ்விருவரும் இந்த ஒரே நகரத்துக்காரர்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேஸ்மென்டில் பதிவுக்கூடம் அமைக்கப் போகும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது எத்தனை ஒலிவாங்கிகளைச் செருகலாம் என்று உள்வழிகளை எண்ணுகிறீர்கள். எத்தனை வெளிவழிகள் என்றும் எண்ணுங்கள். எட்டு உள்வழியும் இரண்டே வெளிவழியும் உள்ள பெட்டியில் நால்வருக்குமாக இரண்டு கலவைக்கு மேல் கொடுக்க முடியாது. நான்கு வெளிவழியாவது உள்ளதை வாங்கி, ஹெட்போன் பெருக்கி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு தனிக் கலவை கொடுத்துவிடலாம். விலையுயர்ந்த ஒலிவாங்கி அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.